புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மாவும் எங்க குழு அக்காவும்



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டு வேலை, ரெண்டு கறவை மாடு, நூறு நாள் வேலை, வாரம் தவறாத குழுக் கூட்டம், இதுதான் என் உலகம். மலருக்கு ஒரு பெரிய மனுசியின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொல்லித் தலைவி கேட்டதும் எனக்கு உடனே மனசில் வந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான்.

இந்தப் பேரு நமக்கெல்லாம் பழகின பேரு. பிள்ளை உண்டாகிப் பதிவு பண்ணியதும், முத்துலட்சுமி ரெட்டி பணம் ஏறிடுச்சான்னுதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்போம். நானும் என் ரெண்டு பிரசவத்துக்கும் அந்தப் பணம் வாங்கினவள். ஆனா அந்தப் பேருக்கு உரியவங்க யாருன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. எட்டாவது படிக்கிற என் மகள் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்துட்டு வந்து நின்னா. அவளுக்காக ஊர்ப்புற நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து படித்தேன். படிக்கப் படிக்க எங்க குழுவில் இருக்கிற ஒரு அக்கா ஞாபகமாகவே இருந்தது. அதனால ரெண்டு பேரையும் சேர்த்தே எழுதுறேன்.

அந்த அக்காவுக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கு. போர்வெல் லாரியில் வெளி மாநிலம் போய் வந்த கணவர் இறந்த பிறகுதான் அவங்களுக்கே தெரிஞ்சது. 12 வருசமா ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, ஆடு வளர்த்து, ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாங்க. குழுவில் ஒரு தவணை பாக்கி வைத்ததில்லை. பேரு போடாமல் எழுத அவங்களே சம்மதம் கொடுத்தாங்க.

ரெண்டு வருசம் முன்னாடி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகாம் போட்டாங்க. எங்க குழுவில் எல்லாரும் பேர் கொடுத்தோம். கொடுக்காத ஒரே ஆள் அந்த அக்காதான். ஏன்னு பிறகு சொல்றேன். முதலில் முத்துலட்சுமி அம்மா கதை.

1886-ஆம் வருசம் ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுகிற வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். அந்தக் கல்யாணத்துக்காக ஐயரை அவர் சொந்தக்காரர்களே ஒதுக்கி வைத்தார்கள். ஆக, ஒதுக்கப்படுவது என்றால் என்னன்னு முத்துலட்சுமிக்குத் தொட்டில் காலத்திலேயே தெரிந்திருக்கும்.

அப்போதெல்லாம் பெண் பிள்ளை வயசுக்கு வந்ததும் படிப்பு நின்னுடும். இவருக்கு அப்பா வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். தனியாகப் பரீட்சை எழுதி மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து மகாராஜா கல்லூரியில் சேர மனுப் போட்டபோது ஊரே எதிர்த்தது. ஒரு பொண்ணு, அதிலும் இந்தத் தாய் வயிற்றில் பிறந்த பொண்ணு உள்ளே வந்தால் எங்க பையன்கள் கெட்டுப் போவாங்கன்னு பேசினார்கள். புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்தப் பேச்சையெல்லாம் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். மூடிய வண்டியில் போய், பையன்கள் கண்ணில் படாதபடி உட்கார்ந்து படித்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டராகி வெளியே வந்தார். தங்கப் பதக்கங்களும் வாங்கினார். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்தார். சரிசமமாக நடத்தணும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே வரக்கூடாதுன்னு நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். நூறு வருசத்துக்கு முன்னாடியே இப்படி ஒரு பொண்ணு கேட்டிருக்கான்னு படித்தபோது என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரிச்சு மழுப்பினேன்.

அவர் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது தங்கச்சியின் சாவு. தங்கை சுந்தரம்பாளுக்கு வயிற்றில் கோளாறு. வயிற்றுக்கடுப்புன்னு நினைத்து வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் சின்ன வயசிலேயே தங்கை போய்விட்டார். அக்கா டாக்டர். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை.

1925-ல் பெண்கள், குழந்தைகள் வைத்தியம் பற்றி மேற்படிப்புப் படிக்க லண்டன் போனார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி இருப்பதைப் பார்த்தார். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்கலாம் என்பதை நேரில் தெரிந்துகொண்டார். நம்ம ஊரிலும் இப்படி ஒன்று வேணும்ங்கிற எண்ணத்தோடு திரும்பினார்.

திரும்பி வந்ததும் வேறொரு பெரிய வேலை காத்திருந்தது. சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, 1927-ல் அதன் துணைத் தலைவரானார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுகிற தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடினார். அந்தப் பெண்களின் உடம்பு பலபேர் கைக்குப் போனது. பால்வினை நோயும் அவங்களுக்குத்தான் வந்தது. பழியும் அவங்க தலையில்தான் விழுந்தது. நோய் கொடுத்தவன் வெள்ளை வேட்டியோடு ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தான். முழுச் சட்டம் வர 1947 வரை ஆனது. அத்தனை வருசமும் அவர் விடவில்லை.

காந்தியைக் கைது செய்ததைக் கண்டித்து 1930-ல் சட்டசபைப் பதவியை விட்டு விலகினார். அந்தக் காலத்தில்தான் தேவதாசிக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், அந்த வாழ்க்கை வேண்டாம்னு தப்பி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள எந்த விடுதியும் தயாராக இல்லை. அவங்களோடு எங்க பிள்ளைங்க எப்படி ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடும்கிற பேச்சுதான். கடைசியில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித்தான் அவ்வை இல்லம் பிறந்தது. சென்னை அடையாறில் இன்றைக்கும் இருக்கு.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன்னா எனக்கு எங்க குழுவின் டீ டம்ளர் ஞாபகம் வந்தது.

எங்க கூட்டத்தில் டீ போடும்போது அந்த அக்காவுக்கு மட்டும் தனி டம்ளர் வைப்பாங்க. ஓரத்தில் நசுங்கின டம்ளர், அடையாளத்துக்கு. யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. வைத்தவர்களில் நானும் ஒருத்தி. டீ டம்ளரால் எச்.ஐ.வி. பரவாதுன்னு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருக்கேன். தெரிஞ்சும் செய்தேன். அக்காவும் அந்த டம்ளரைத் தானே கழுவித் தானே கவுத்தி வைத்துட்டுப் போவாங்க. மூன்று பிள்ளைகளை உள்ளே விடாத அந்த விடுதிக்காரங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கு. ஆனாலும் எழுதணும்.

முத்துலட்சுமி அம்மா தங்கச்சியை மறக்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேணும்னு பேசினார். புற்றுநோய் வந்தால் சாவுதான், அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு நினைத்த காலம் அது. அரசாங்கமும் உடனே கை கொடுக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து வீடு வீடாக நிதி திரட்டினார். நாம சிறுகச் சிறுகச் சேமிக்கிற மாதிரிதான் அந்தப் பணமும் சேர்ந்தது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அப்போது அம்மாவுக்கு 67 வயசு. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மாவும் அதை வளர்த்தார்கள். 1956-ல் முத்துலட்சுமி அம்மாவுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ஆம் தேதி காலமானார்.

அந்த மருத்துவமனைதான் 1980-களில் சென்னையில் யார் யாருக்கு என்ன புற்றுநோய் வருதுன்னு கணக்கெடுக்கத் தொடங்கியது. அப்போது பெண்களுக்கு வந்ததில் முதலிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத்தான். அதே காலத்தில், 1986-ல், இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டதும் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். முத்துலட்சுமி அம்மா பிறந்து சரியாக நூறு வருசம் கழித்து. மறுபடியும் நோய் ஒரு பக்கம், பழி முழுக்கப் பெண்கள் பக்கம்.

இந்த ரெண்டு நோய்க்கும் ஒரு தொடர்பு இருக்கு. நம்ம எல்லாரும் தெரிஞ்சுக்கணும்.

கர்ப்பப்பை வாயில் புற்று ஒரே நாளில் வருவதில்லை. எச்.பி.வி. என்ற கிருமியால் வருது. தாம்பத்திய உறவு மூலம் பரவுகிற கிருமி இது. பெரும்பாலான பெண்களுக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது வந்து போகும். வந்ததனால் யாரும் நடத்தை கெட்டவள் ஆகிவிட மாட்டாள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருந்தால் ஒன்றிரண்டு வருசத்தில் தானாகப் போயிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, கர்ப்பப்பை வாயில் இருக்கிற திசுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். அது இன்னும் புற்று இல்லை, புற்றுக்கு முந்தின நிலை. வலிக்காது, ரத்தம் படாது, வெள்ளையும் படாமல் இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும். அது புற்றாக மாறச் சாதாரணமாக 15 முதல் 20 வருசம் ஆகும்.

எச்.ஐ.வி. இருக்கிற பெண்ணுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவதால் அந்தக் கிருமி எளிதில் போகாது. சிகிச்சை எடுக்காமல் இருந்தால் 5 முதல் 10 வருசத்திலேயே புற்றாக மாறலாம். மற்றப் பெண்களைவிட அவங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வர ஆறு மடங்கு வாய்ப்பு அதிகம். அதனால்தான் மற்றவர்கள் 30 வயசில் தொடங்குகிற பரிசோதனையை, எச்.ஐ.வி. இருக்கிறவங்க 25 வயசிலேயே தொடங்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுவும் ஒரு தடவையோடு விடக்கூடாது. 3 வருசத்துக்கு ஒருமுறை பார்க்கணும். எச்.பி.வி. கிருமிப் பரிசோதனை செய்தால் 3 முதல் 5 வருசத்துக்கு ஒருமுறை. கூட்டு மருந்து மாத்திரை கட்டாயம் சாப்பிடணும். ஆனா மாத்திரை சாப்பிடுறேன், அதனால் பரிசோதனை வேண்டாம்னு இருக்கக்கூடாது.

யாருக்கு ரொம்ப அவசியமோ, அந்த அக்காதான் எங்க குழுவில் பேர் கொடுக்கலை. இப்ப காரணம் சொல்றேன். முன்னாடி ஒரு தடவை வேறு ஒரு வைத்தியத்துக்காக ஓரிடத்துக்குப் போனபோது, சீட்டைப் பார்த்ததும் அவங்களைத் தனியா உட்கார வைத்து, எல்லாரையும் பார்த்து முடித்த பிறகுதான் கூப்பிட்டிருக்காங்க. வரிசையில் இருந்தவங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்காங்க. அன்றைக்கு வந்தவங்க அதன் பிறகு மாத்திரை வாங்க மட்டும்தான் ஆஸ்பத்திரிப் படி ஏறினாங்க. முகாமிலும் அதே நடக்கும்னு பயம். கூடவே எங்க குழுவும் பக்கத்தில் இருக்கும். எங்க டம்ளர் விவகாரம் அவங்களுக்குத் தெரியாதா என்ன?

மகளோட புத்தகத்தைப் படித்து முடித்த மறுநாள் நான் அவங்க வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குத் தழை கட்டிட்டு இருந்தாங்க. டம்ளர் வைத்ததுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லலை. உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தாங்க. ரெண்டு பேரும் குடிச்சோம். பிறகுதான் பரிசோதனைப் பேச்சை எடுத்தேன். முகாம் முடிஞ்சு போயிருந்தது. சாதாரண நாளில் ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம், எனக்கும் இன்னும் எடுக்கலைன்னு சொன்னேன். அதுவும் உண்மைதான். பேர் கொடுத்துட்டு முகாம் அன்றைக்கு மாடு கன்று போட்டதைச் சாக்கு வைத்துப் போகாமல் இருந்தவள் நான்.

பயந்த அளவு அங்கே ஒண்ணுமில்லை. மறைப்பு கட்டின அறை. நர்சம்மா மட்டும்தான். ஒரு கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்த்து, வினிகர் மாதிரி தண்ணியான அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைப்பாங்க. லேசா எரியும். ஒரு நிமிசம் கழித்துப் பார்ப்பாங்க. மாறின திசு இருந்தால் வெள்ளையாகத் தெரியும். பத்து நிமிசத்துக்குள் முடிஞ்சிடும். மாதவிலக்கு நாளில் மட்டும் போகக்கூடாது. மாதவிலக்கு நின்றவங்களுக்கு இந்த முறையில் சரியாகத் தெரியாது என்பதால் வேறு பரிசோதனை சொல்வாங்க. கருவிகளை யாருக்குப் பயன்படுத்தினாலும் ஒரே மாதிரிதான் கிருமி நீக்கணும். அதனால எச்.ஐ.வி. இருக்கிறவங்களைக் கடைசியில் உட்கார வைக்க எந்த அவசியமும் இல்லைன்னு அந்த நர்சம்மாவே சொன்னாங்க. அக்காவை முதலில் கூப்பிட்டாங்க, என்னை ரெண்டாவதாக.

எனக்கு ஒண்ணுமில்லை. அக்காவுக்கு வெள்ளைத் தடம் தெரிஞ்சது.

பஸ்ஸில் வரும்போது அக்கா ஒரு வார்த்தை பேசலை. எனக்கோ, நான் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதோன்னு கூடத் தோணுச்சு. எழுதிக் கொடுத்தபடி மறுவாரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிதாக்கிக் காட்டுகிற கருவியில் பார்த்து, கடுகளவு சதை எடுத்துச் சோதித்தாங்க. புற்று இல்லை, புற்றுக்கு முந்தின நிலைன்னு முடிவு வந்தது. இன்னும் சில வருசம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்னு டாக்டரம்மா சொன்னபோது, அக்கா என் கையைப் பிடிச்சாங்க. அந்த இடத்தை மட்டும் குளிர் வைத்து உறைய வைத்து அழிச்சாங்க. வெட்டவில்லை, தையல் இல்லை. கர்ப்பப்பையும் எடுக்கவில்லை. அன்றைக்குச் சாயந்திரமே வீடு. சில வாரம் நீர் மாதிரி வடிஞ்சது, பிறகு நின்னுடுச்சு.

ஒரு வருசம் கழித்துப் பார்த்ததில் சுத்தமாக இருந்தது. எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்பதால், அடுத்த வருசமும் பார்த்துவிட்டுத்தான் நிம்மதி அடையணும். அந்தப் பரிசோதனை அடுத்த மாசம் வருது.

இப்படிச் சின்னப் பரிசோதனையால் உயிர் பிழைக்குமான்னு சந்தேகப்படுறவங்களுக்கு நம்ம பக்கத்து மாவட்டமே சாட்சி. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் வருசம் தொடங்கி, கிராமத்துப் பெண்கள் 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நர்சுகளே இந்த வினிகர் பரிசோதனையைச் செய்தாங்க. பரிசோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் வந்த சாவு, நடக்காத ஊர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைஞ்சது. அந்தப் பெண்களும் நம்மள மாதிரிக் காட்டு வேலை செய்கிறவங்கதான்.

முத்துலட்சுமி அம்மா ஆஸ்பத்திரி கட்டி வைத்துட்டுப் போனார். ஆனா ஆஸ்பத்திரி இருந்தால் மட்டும் போதாது. போகிற வழியில் நாம தடையாக நிற்கக்கூடாது. ஒவ்வொரு குழுவும் 30 வயசைத் தாண்டின உறுப்பினர்களின் பேரை எழுதி, யார் எடுத்தாச்சு, யார் எடுக்கலைன்னு பாருங்க. எச்.ஐ.வி. இருக்கிற சகோதரி யாருன்னு நாம தேடவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். 25 வயசிலிருந்தே அவங்க எடுக்கணும்ங்கிற விசயத்தை மட்டும் கூட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்க. கேட்கவேண்டியவங்க காதில் விழும். மாத்திரை வாங்கப் போகும்போது ஏ.ஆர்.டி. மையத்திலேயே அவங்க கேட்டுக்கலாம். நம்பிச் சொன்னால் கூடப் போங்க. வெளியே வந்து யாரிடமும் சொல்லாதீங்க.

எங்க குழுவில் இப்ப எல்லா டம்ளரும் ஒரே மாதிரிதான். நசுங்கினதைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டாச்சு. அடுத்த மாசம் அக்காவோடு நானும் போறேன். போகிற அன்றைக்கு மாடு கன்று போட்டாலும் சரி, என் வீட்டுக்காரர் பார்த்துக்குவார்.